இரண்டு எம்.எம். தகடு

பிப்ரவரி 3, திங்கள்

குழந்தை இதழினி காலை பதினொன்றரைக்குத் தூங்கினாள். பதினொன்று முப்பத்தைந்துக்குக் கீழே சுத்தியல் சத்தம்.

மேலே வீடு, கீழே பட்டறை. என் வீட்டுக்காரர் லோகநாதன் (நான் கூப்பிடுவது 'மாமா' என்று) போன வருஷம் கம்பெனி வேலையை விட்டுவிட்டு இந்தக் கார் பட்டறையைத் தொடங்கியபோது, "பதினெட்டுப் படி இறங்குனா ஆபீஸ், இதைவிட என்ன வேணும்?" என்று பெருமையடித்தார். அதே பதினெட்டுப் படியில் சத்தமும் ஏறிவரும் என்று அப்போது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

சண்டை போடத்தான் இறங்கினேன். இதைத் தெளிவாக எழுதிவைக்கிறேன். ஏனென்றால் மாமா இப்போதே "சிந்துஜா வேலைக்குச் சேர்ந்துட்டா" என்று ஊரெல்லாம் சொல்ல ஆரம்பித்துவிட்டார். தொட்டில் பக்கத்தில் ஒரு போனை வைத்து, வீடியோ காலில் இன்னொரு போனைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். "பாருங்ண்ணா, பேங்க் லாக்கருக்குக்கூட இவ்வளவு காவல் இல்லை" என்றார் மாமா. வெல்டர் ஸ்டீபன் அண்ணன் சிரித்தார். போத்தனூர்க்காரர். முப்பது வருஷமாக டிங்கரிங், வெல்டிங். சுத்தியலை வைத்துவிட்டுச் சிரித்தார் என்பதால் மன்னித்தேன்.

தட்டிக்கொண்டிருந்தது ஒரு பழைய காரின் பானெட், அதாவது இன்ஜின் மூடி. வைஜயந்தி டாக்டருடைய வண்டி. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம், எழுபது வயசு, மேல்தகடு முழுக்க அலுமினியம். மார்ச் 2 அன்று பழைய கார்களெல்லாம் வரிசையாக ஊட்டிக்குப் போகிற ஊர்வலத்தில் இதுவும் போக வேண்டும். மலை ஏறி இறங்கினால் போதும், பானெட்டில் விரிசல் விட்டுவிடுகிறது. இதற்கு முன் இரண்டு பட்டறைக்காரர்கள் பட்டி போட்டுப் பூசிப் பெயின்ட் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். இரண்டு முறையும் கோத்தகிரி போய்வந்ததும் பழையபடி கோடு. நம் பட்டறைக்கு வந்த முதல் பழைய கார் இது. நன்றாக முடிந்தால் டாக்டரின் சிநேகிதர்கள் வண்டிகளும் வரும். முடியாவிட்டால் புனேயில் யாரோ இருக்கிறார்களாம், அங்கே போய்விடும்.

விரிசல் மேற்கொண்டு ஓடாமலிருக்க அண்ணன் அதன் முனையில் சின்ன ஓட்டை போட்டிருந்தார். சரியான வழிதான். கூர்மையான முனை வட்டமாகிவிட்டால் விரிசல் அங்கேயே நின்றுவிடும். ஆனால் ஓட்டை போட்ட இடம்தான் சரியில்லை என்று பட்டது.

"அண்ணா, கிராக் ஓட்டையைத் தாண்டிப் போயிருக்குதுங்க."

"அம்மிணிக்குக் கண்ணா, லென்ஸா? எனக்கு ஒன்னும் தெரியலையே."

நான் சும்மா இருந்திருக்கலாம். மேலே போய் இதழினியின் பவுடர் டப்பாவை எடுத்துவந்தேன். மண்ணெண்ணெயைத் தகட்டில் தடவி, பத்து நிமிஷம் விட்டு, சுத்தமாகத் துடைத்து, பவுடரைத் தூவினேன். விரிசலுக்குள் இறங்கியிருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து மேலே வந்தது. வெள்ளைப் பவுடரில் மயிரிழை போல ஒரு கோடு, ஓட்டையைத் தாண்டி இன்னும் ஒரு விரற்கடை நீளத்துக்கு.

ஸ்டீபன் அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினார். "காலேஜ்ல பவுடர் அடிக்கறதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?"

இரண்டு வருஷம் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். அலுமினியப் பட்டைகளை மெஷினில் மாட்டி, உடைகிறவரை ஆட்டிக்கொண்டே இருப்பதுதான் வேலை. ஒரே இடம் லட்சம் தடவை லேசாக வளைந்தால், கடைசியில் விட்டுப்போகும். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டேன். அதெல்லாம் முடிந்த கதை. இன்று கீழே போனது சண்டை போட.


பிப்ரவரி 4, செவ்வாய்

பவுடர் டப்பாவைக் காணோம். மாமாவைக் கேட்டால், "கம்பெனி சொத்து" என்கிறார்.


பிப்ரவரி 6, வியாழன்

விரிசலை வெல்டிங் செய்து மூடினால் மட்டும் போதாது, அடிப்பக்கம் ஒரு தகடு வைத்து ரிவெட் ஆணி அடித்துப் பலப்படுத்த வேண்டும் என்று முடிவானது. எவ்வளவு கனத்தில் என்பதையும் மூன்று பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். நான் கொஞ்சம் அழுத்திச் சொன்னேன், அவ்வளவுதான்.

"ரெண்டு எம்.எம். போடலாங்ண்ணா."

"பானெட்டே ஒன்னேகால் எம்.எம். அதுக்குப் போய் ரெண்டா? மெல்லிசு மல் துணிச் சட்டைல ஓட்டை விழுந்ததுக்குச் சணல் சாக்கை வெச்சுத் தைச்ச மாதிரி இருக்குமுங்க."

"சாக்குக் கிழியாதில்லீங்களா?"

"சாக்குக் கிழியாதுங்க" என்றார் அண்ணன். வேறென்னவோ சொல்ல வந்தவர் போலிருந்தது. நான் அதற்குள் அகலத்தையும் கூட்டச் சொல்லி, ரிவெட்டுகளை நெருக்கி அடிக்கச் சொன்னேன். டாக்டர் மலைப்பாதையில் எழுபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர். பானெட் பாதி வழியில் பிய்ந்து கண்ணாடியில் அடித்தால்? மாமா இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, "படிச்சவ சொல்றா, போட்டுருங்ண்ணா" என்றார்.

டாக்டர் மாலையில் வந்தார். எலும்பு டாக்டர், ரிட்டயர் ஆகி ஆறு வருஷமாகிறது. கழுத்தில் சிவப்பாக இருக்கிறதே என்று இதழினியைக் காட்டினேன்.

"பிப்ரவரியில ஸ்வெட்டர், குல்லா, சாக்ஸ். உள்ள இன்னொரு சட்டை வேறயா? வேர்க்குரு இது. எலும்பு டாக்டருக்கே தெரியுது."

காற்று பட்டால் சளி பிடிக்காதா என்று கேட்டேன். "சளி பிடிக்கலை, நீதான் அவளைப் பிடிச்சு வெச்சிருக்கே" என்றார். என்ன அர்த்தமென்று புரியவில்லை. டாக்டர்கள் இப்படித்தான்.


பிப்ரவரி 8, சனி

துணி சோப்பையும் காணோம்.

இது நான் சொன்ன வேலை என்பதால் சண்டை போட முடியவில்லை. தகட்டை வளைப்பதற்காகச் சூடாக்கினால் அலுமினியம் இரும்பு மாதிரி சிவக்காது. எப்போது பதமானது என்று தெரியாமல் விட்டால் ஒரு நொடியில் உருகிக் கீழே விழும். அதற்குத்தான் சோப்பு. தகட்டில் தேய்த்துவிட்டு நெருப்புக் காட்டினால், சோப்பு கருகிக் காப்பிக்கொட்டை நிறத்துக்கு வரும்போது தகடு பதம். ஸ்டீபன் அண்ணனுக்கு இதெல்லாம் நான் பிறக்குமுன்பே தெரியும். ஆனாலும் "அம்மிணி சொல்லுங்க, போதுமா?" என்று கேட்டுக் கேட்டுச் செய்தார். கேலிதான். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மொத்தம் முப்பத்துநாலு ரிவெட். முட்டுக் கொடுத்துக் கோயில் தேரையே நிறுத்தலாம் என்றார் மாமா. பார்க்கவே தைரியமாக இருந்தது.


பிப்ரவரி 9, ஞாயிறு

டாக்டர் காலையில் கோத்தகிரி போய் மத்தியானம் திரும்பினார். பானெட் மறுபடி விரிசல் விட்டிருந்தது.

பழைய இடத்தில் இல்லை. அங்கே தகடு மலை மாதிரி நின்றது. தகடு முடிகிற ஓரத்தை ஒட்டி, நேராக, கத்தியால் கீறின மாதிரி நாலு விரல் நீளத்துக்குப் புதுக்கோடு.

நான் மேலே பால்கனியில் இதழினிக்குப் பருப்புசாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன். கீழே பேசுவது கேட்டது.

"யாருப்பா இந்தத் தகடு போட்டது?" டாக்டர் குரலை உயர்த்தவேயில்லை.

மாமா "அது வந்துங்க மேடம்..." என்று இழுத்தார்.

"நாந்தாங்க" என்றார் ஸ்டீபன் அண்ணன்.

"முப்பது வருஷ சர்வீஸ்னு சொன்னாங்க."

"முப்பத்தொன்னுங்க."

"லோகநாதன், பத்து நாள் தர்றேன். இவர் கை இனிமே என் வண்டியில பட வேண்டாம். சரியா வரலைன்னா லாரியில ஏத்திப் புனேக்கு அனுப்பிடறேன்."

பருப்புசாதம் இன்னும் நாலு வாய் மிச்சமிருந்தது. ஊட்டுவதைப் பாதியில் நிறுத்திக் குழந்தையை விட்டுவிட்டு எப்படி இறங்குவது?


பிப்ரவரி 10, திங்கள்

ஸ்டீபன் அண்ணன் ஓர் ஆட்டோவின் மட்கார்டை நிமிர்த்திக்கொண்டிருந்தார். அலுமினியப் பக்கமே திரும்பவில்லை. டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சக்கரை டபுளா இருக்குது. என்னங் அம்மிணி தப்புப் பண்ணுனீங்க?"

கை தவறிப் போட்டுவிட்டேன் என்றேன்.


பிப்ரவரி 11, செவ்வாய்

தைப்பூசம். பட்டறை லீவு. மருதமலைக்குப் போகலாமா என்று மாமா கேட்டார். கூட்டத்தில் குழந்தைக்கு ஏதாவது தொற்றிக்கொள்ளும் என்று போகவில்லை. சாமியைப் பார்க்கவும் இன்று கொஞ்சம் சங்கடமாக இருந்தது.


பிப்ரவரி 12, புதன்

பரிசோதனைக்கூடத்தில் நான் உடைத்த பட்டைகளில் பாதி, கனம் திடீரென்று மாறுகிற இடத்தில்தான் உடையும். மெல்லிசுப் பக்கம் வளையும், தடித்த பக்கம் அசையாது, நடுவில் அந்த ஓரம் எல்லா ஆட்டத்தையும் வாங்கிக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். பரீட்சையில் பத்து மார்க் கேள்வி, பத்தும் வாங்கினேன். ஆறாம் தேதி மட்டும் எப்படி மறந்தது?

மறக்கவில்லை. பயம் அதிகமாக இருந்தது.

மாமா சாப்பிடும்போது, "அன்னைக்குப் பருப்புசாதம் ரொம்ப நேரம் ஊட்டுன போல?" என்றார். அப்பளம் இன்னொன்று கேட்டார். வரவர இவருக்குக் குசும்பு அதிகமாகிவிட்டது.

மத்தியானம் ஸ்டீபன் அண்ணனிடம் நேராகவே கேட்டேன். "ஏனுங்ண்ணா நீங்க போட்டதாச் சொன்னீங்க? நான் சொல்லித்தானே போட்டீங்க?"

"ரிவெட் அடிச்சது யாரு? நாந்தானே? பொய்யா சொன்னேன்?"

"அண்ணா..."

"எனக்கென்னங் அம்மிணி, ஒரு வாரம் திட்டுவாங்க, அப்புறம் வேற வண்டி வரும். உங்க பேரைச் சொல்லியிருந்தா அந்தப் படி பதினெட்டையும் இறங்கி வந்திருப்பீங்களா இன்னைக்கு?" மட்கார்டைத் தூக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "ஆனா ஒன்னு. அலுமினியத்துல கை வெக்காம அஞ்சு விரலும் ஊறுது. அது மட்டுந்தான் கஷ்டம்."

மேலே வந்து இதழினியைத் தூங்கவைத்தேன். அவள் தூங்கியபிறகும் ரொம்ப நேரம் தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்திருக்கிறேன்.


பிப்ரவரி 14, வெள்ளி

டாக்டர் வந்தார். இறங்கினேன். இதழினி இடுப்பில் இருந்தாள், ஒரே ஒரு சட்டையோடு.

"டாக்டர், அந்தத் தகட்டை ரெண்டு எம்.எம்.ல போடச் சொன்னது நான். ஸ்டீபன் அண்ணன் வேண்டாம்னு சொன்னார். நாந்தான் கேக்கலை. அன்னைக்கு நீங்க கேட்டப்ப மேல நின்னு கேட்டுட்டுத்தான் இருந்தேன்."

சொல்லி முடித்தபோது மட்கார்டுக்காக வந்திருந்த ஆட்டோக்காரர், மாமா, ஸ்டீபன் அண்ணன் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். இதழினி டாக்டருடைய கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தாள்.

"அஞ்சு நாளாச்சே" என்றார் டாக்டர்.

"ஆமாங்க."

"எதனால விரிஞ்சதுன்னு தெரியுமா?"

சொன்னேன். தடித்த தகடு, சதுர மூலை, நெருக்கமான ரிவெட், ஓரத்தில் வந்து விழுந்த பாரம். சொல்லச் சொல்லக் குரல் தெளிவானது எனக்கே தெரிந்தது.

டாக்டர் திடீரென்று சிரித்தார். "எலும்புலயும் இதே கதைதாம்மா. முறிஞ்ச இடத்துல நல்லா கனமா பிளேட் வெச்சு இறுக்கினா, அந்த இடம் ஜம்முன்னு இருக்கும். பிளேட் முடியற எடத்துல போய் உடையும். என் முதல் வருஷத்துல ஒரு கோழிப்பண்ணைக்காரர் தொடையில அப்படித்தான் ஆச்சு. அவர் இன்னைக்கும் என்னை ரோட்டுல பாத்தா அந்தப் பக்கம் போயிடுவாரு."

மாமா மட்டும் சிரித்தார். அவருக்குச் சிரிக்க இதுதான் நேரம்.

"ஸ்டீபன், நீங்க ஏன் வாயைத் திறக்கலை?"

"நீங்க தகடு போட்டது யாருன்னுதானுங்க கேட்டீங்க. போடச் சொன்னது யாருன்னு கேக்கலையே."

டாக்டர் அவர் பக்கம் ஓரடி வந்தார். "அன்னைக்குப் பேசினது தப்புதான். உங்க கைக்கு என் வண்டி வேணும்னா எடுத்துக்குங்க." பிறகு என் பக்கம் திரும்பினார். "இன்னொரு தடவை போடு. இருபத்துமூணாம் தேதி கோத்தகிரி போறேன். பக்கத்து சீட்ல நீ உக்காரோணும். விரிஞ்சா உன் கண்ணு முன்னாலயே விரியட்டும்."

குழந்தை இருக்கிறாளே என்றேன்.

"அவளுக்கு அப்பா இல்லையா?"

மாமா கை தூக்கினார், பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி.


பிப்ரவரி 15, சனி

ஒன்பது மாதத்தில் நான் இதழினியை ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரிந்ததில்லை. கோத்தகிரி போய்வர ஐந்து மணி நேரம். கணக்கு வாத்தியார் தேவையில்லை.


பிப்ரவரி 17, திங்கள்

முப்பத்துநாலு ரிவெட்டையும் கழற்றினோம். ஸ்டீபன் அண்ணன் ஒவ்வொன்றையும் டப்பாவில் போட்டுக் குலுக்கிக் காட்டினார். "இதழினிக்குக் கிலுகிலுப்பை."

பானெட்டை வண்டியில் மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, மேலே கையை வைத்துப் பார்த்தேன். பானெட் லேசாக நடுங்கவில்லை, தடதடவென்று அடித்துக்கொண்டது. மூடியைத் திறந்தேன். பானெட் உட்காருகிற நாலு மூலையிலும் ரப்பர் இருக்க வேண்டும். இரண்டில் இல்லவே இல்லை. மிச்சம் இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. நகத்தால் கீறினால் தூள் உதிர்ந்தது.

இத்தனை நாளும் விரிசலை எப்படி மூடுவது என்றே எல்லோரும் பேசினோம். ஏன் விரிகிறது என்று நான் உட்பட ஒருவரும் கேட்கவில்லை.

"பட்டி போட்ட ரெண்டு பேரும் மூடியைத் தொறந்தாவது பாத்திருப்பானுங்களா?" என்றார் மாமா.

"நாம பாத்தமாக்கும்?" என்றார் அண்ணன்.


பிப்ரவரி 19, புதன்

புதுத் தகடு ஒரு எம்.எம். பானெட்டை விடவும் மெல்லிசு. மூலையே இல்லாமல் நீள்வட்டமாக வெட்டினோம். ஓரத்தைச் சுற்றிலும் அரத்தால் சீவி இன்னும் மெலிதாக்கினோம், தோசை ஓரம் மாதிரி. நடுவில் கொஞ்சம் கனம், போகப் போக ஒன்றுமில்லாமல் முடிய வேண்டும். ரிவெட் பன்னிரண்டுதான், அதுவும் அலுமினியம். புது விரிசலின் முனையை மண்ணெண்ணெயும் பவுடரும் வைத்துத் தேடி, அதற்கும் கொஞ்சம் தள்ளி ஓட்டை போட்டு, அப்புறம்தான் வெல்டிங்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "இன்னும் ரெண்டு ரிவெட் சேத்திக்கலாமாங்ண்ணா?"

அண்ணன் ரிவெட் டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

"வேண்டாங்க" என்று நானே சொன்னேன்.

நாலு மூலைக்கும் புது ரப்பர் வந்தாயிற்று.

இருபத்துமூன்றாம் தேதிக்காக மாமாவுக்கு ஒரு தாளில் குறிப்பு எழுதிவருகிறேன். மூன்று பக்கம் வந்திருக்கிறது. படித்துவிட்டு, "இதுல நான் எப்ப மூச்சு விடோணும்னு போடலையே?" என்றார். ஒரு பக்கத்தைக் கிழித்தேன்.


பிப்ரவரி 22, சனி

இன்னொரு பக்கத்தையும்.


பிப்ரவரி 23, ஞாயிறு

காலை ஏழரைக்குக் கிளம்பினோம். இதழினி மாமாவின் தோளில் இருந்தாள். அழவில்லை. அழுதிருக்கலாம்.

மேட்டுப்பாளையம் வரை நான் பானெட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. டாக்டர் ஓட்டுவது அவர் பேசுகிற மாதிரியேதான், எதிரே வருகிறவர்கள் ஒதுங்கிக்கொள்ள வேண்டும்.

"ஏம்மா, பானெட்டை முறைச்சுப் பாத்தா விரியாதுன்னு காலேஜ்ல சொல்லிக் குடுத்தாங்களா?"

"பாக்காட்டியும் பயமா இருக்குதுங்க."

"அப்ப ரோட்டையாவது பாரு. எனக்கு உதவியா இருக்கும். வளைவுல எனக்குக் கண்ணு அவ்வளவாத் தெரியாது."

இதைக் கொண்டை ஊசி வளைவுக்குள் பாதி திரும்பியபிறகு சொன்னார்.

மலையில் மூன்றாவது வளைவில் பானெட் லேசாக அசைந்தது. அடுத்த குழியிலும் அசைந்தது. மெத்தென்று, கொஞ்சம் இறங்கி, திரும்ப ஏறி. முன்பு மாதிரி அடித்துக்கொள்ளவில்லை. குழி வந்தால் அசைந்து கொடுத்தது, குழி போனதும் தன்பாட்டுக்கு நின்றது. நாலைந்து குழிக்குப் பிறகு, எந்தக் குழிக்கு எவ்வளவு அசையும் என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதற்கப்புறம் எப்போது பானெட்டிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் பார்வை போனதென்று நினைவில்லை.

கோத்தகிரியில் டீ குடித்தோம். டாக்டர் இரண்டு வர்க்கி பிஸ்கட் சாப்பிட்டுவிட்டு, "போன் பண்ணலையா?" என்றார். பண்ணினேன். எடுத்ததும் மாமா, "சாப்பிட்டா, தூங்கறா, பக்கம் ஒன்னு, ஏழாவது வரி. வை" என்று வைத்துவிட்டார்.

ஒரு மணிக்குப் பட்டறை வாசலில் வண்டி நின்றது. மாமா இதழினியோடு வாசலில் நின்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, உடனே அவர் சட்டைப் பாக்கெட்டில் இருந்த எதையோ எடுப்பதில் மும்முரமானாள். கை நீட்டினேன். இரண்டாவது தடவைதான் வந்தாள். கொஞ்சம் வலித்தது. அதையும் எழுதிவைக்கிறேன்.

பானெட்டை நானே சோதிப்பேன் என்று நினைத்திருந்தேன். ஸ்டீபன் அண்ணன் வழிவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து நேராக வெள்ளைச் சட்டையோடு வந்திருந்தார். கையை மடித்துவிட்டுக்கொண்டு மண்ணெண்ணெயைத் தடவினார், காத்திருந்தார், துடைத்தார், பவுடரைத் தட்டினார். டாக்டர் நாற்காலியில் உட்காரவேயில்லை. மாமா ஏதோ ஜோக் சொல்ல வாயெடுத்துப் பாதியில் விட்டுவிட்டார். அண்ணன் லைட்டைச் சாய்த்துப் பிடித்து, தகட்டின் ஓரம் முழுக்க, ரிவெட் பன்னிரண்டையும், நாலு மூலையையும் ஒன்றுவிடாமல் பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

பவுடர் வெறும் வெள்ளையாகவே இருந்தது.

அண்ணன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டார். டாக்டர்தான் மூச்சு விட்டு, "சரி, மார்ச் ரெண்டு" என்றார். அப்புறம், "என் சிநேகிதி ஒருத்தி வண்டி, டிரைவர் பக்கக் கதவு இதே மாதிரி. நாளைக்கே அனுப்பச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். மாமாவிடம் கேட்டாரா, அண்ணனிடமா, தெரியவில்லை. மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"அனுப்பச் சொல்லுங்க" என்றேன்.

டாக்டர் போனபிறகு ஸ்டீபன் அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"கதவுக்கு எத்தனை எம்.எம்.னு நீங்களே சொல்லுங்க அம்மிணி. பயப்படாதீங்க. தப்பாப் போனா நான் போட்டதுன்னு சொல்லிக்கலாம். உங்களுக்குப் பழக்கந்தானே?"